முழங்கால் தண்ணீருக்கும் கொஞ்சம் நிதி

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆட்சிமன்றத்தாருக்கும், விண்ணப்பங்களைப் படித்து முடிவு சொல்லும் நிபுணர் குழுவினருக்கும் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ராமநாதபுரத்தில் மதுரை பஸ் ஏறினேன். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. கண்டக்டர் அதைப் பார்த்ததுமே, "மீனா சார்? பின்னாடி கொண்டுபோய் வைங்க. தண்ணி ஒழுகுச்சுன்னா மத்தவங்க சண்டைக்கு வருவாங்க" என்றார். மீன் இல்லை, சாக்கடைத் தண்ணீர் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. சாக்கடைத் தண்ணீரை ஐஸில் வைத்து 115 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போகிற ஆளை அவர் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

பெட்டிக்குள் பன்னிரண்டு பாட்டில்கள். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே ஒரு மீனவக் குடியிருப்பில், கழிவு வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் விடிவதற்கு முன் பிடித்த தண்ணீர். அழுக்குத் தண்ணீரும் பால் மாதிரிதான், கறந்த நேரத்திலிருந்தே மாறத் தொடங்கிவிடும். குளிரில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் சோதனைக்கு ஏற்றிவிட வேண்டும். நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியிலும் ஆய்வகம் உண்டு. இன்குபேட்டரும் உண்டு. அதன் கம்ப்ரசர் போய் இரண்டு வருஷமாகிறது. மூன்று நாள் விடாமல் 27 டிகிரியில் வைத்தால்தான் பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு) கணக்கு சரியாக வரும். எங்கள் இன்குபேட்டர் இப்போது மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வில் காட்டுவதற்கு மட்டும் இருக்கிறது. அதனால்தான் மதுரைப் பயணம். அங்கே ஒரு நண்பர் தன் ஆய்வகத்தில் ஓசியில் செய்து தருகிறார்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், 2023-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு உங்கள் அமைப்பை உருவாக்கியபோது, ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதில் 14,000 கோடி அரசு தருவது. மீதி பெரும்பாலும் தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் மூலம் வர வேண்டியது. பிரதமரே ஆட்சிமன்றத்தின் தலைவர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது வெறும் 0.64 சதவீதம் என்று படித்துப் படித்து அலுத்துப்போன எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல செய்திதான். பெரிய பல்கலைக்கழகங்களோடு நின்றுவிடாமல் சின்னக் கல்லூரிகளுக்கும் நிதி போகும் என்று நீங்கள் சொன்னதையும் மறக்கவில்லை. நான் அந்தச் சின்னக் கல்லூரி ஆள்.

கடல் ஆராய்ச்சிக்குப் பணமே இல்லை என்று புலம்ப வரவில்லை. 2021-ல் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ஒதுக்கினார்கள். ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்கும் 'மத்ஸ்யா 6000' கலம் நம் சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தில்தான் உருவாகிறது. அதே நிறுவனம்தான் 2005-ல் கவரத்தித் தீவில் கடலின் மேல்மட்ட வெப்பத்தையும் அடிமட்டக் குளிரையும் வைத்து நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் எடுத்துக் காட்டியது. சவ்வு இல்லை, ரசாயனம் இல்லை. அந்தச் செய்தியை வகுப்பில் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமை வரும். ஆறாயிரம் மீட்டருக்குப் போகட்டும், மகிழ்ச்சி. எங்களுக்கு வேண்டியது முழங்கால் ஆழத்துக்கு ஒரு ஒதுக்கீடு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, சுமார் 237 கிலோமீட்டர், இந்த ஒரே மாவட்டத்தில் கிடக்கிறது. அதன் அழுக்கு முழுக்க அந்த முழங்கால் ஆழத்தில்தான் கடலுக்குள் நுழைகிறது.

அந்த இடத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். வத்தம் அடித்திருக்கும்போது (தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தை எங்களூரில் அப்படித்தான் சொல்வோம்) வாய்க்காலின் வாய் மணலில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். வீட்டுக் கழிவுநீர், மீன் இறங்குதளம் கழுவிய தண்ணீர், ஐஸ் உருகியது, எஞ்சின் கழிவு ஆயிலின் வானவில் படலம், கிழிந்த தங்கூசி வலைத் துண்டு எல்லாம் சேர்ந்து வரும். பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட் ஒரு சொட்டுக்குழாய், அப்புறம் கார அயோடைடு ஒரு சொட்டுக்குழாய் விட்டு மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் தேநீர்ப் பழுப்பில் ஒரு படிவு இறங்கும். இல்லையென்றால் படிவு வெள்ளையாகவே நிற்கும். கடல் பக்கம் ஐம்பது அடி தள்ளிப் பிடித்த பாட்டிலில் பழுப்பு. வாய்க்கால் வாயில் பிடித்ததில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. என்னோடு வந்திருந்த இரண்டாமாண்டு மாணவி இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடப் புத்தகத்தில் இந்த நிறம் அச்சாகவில்லை.

சரி, கழிவுநீர் சுத்திகரிப்பு என்ன புது விஷயமா, உலகம் முழுக்கச் செய்கிறார்களே என்று உங்கள் குழுவில் யாராவது கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் எங்கள் மண்ணிலும் உப்பிலும் இருக்கிறது.

எங்கள் கடலோர ஊர்களில் நிலத்தடி நீரே உவர். குளிப்பதும் கழுவுவதும் அதில்தான். ஆகவே கழிவுநீரும் உப்பாகத்தான் வரும். பாதாளச் சாக்கடைக் குழாயில் விரிசல் இருந்தால் கடல்நீரும் கசிந்து உள்ளே சேரும். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பவை பாக்டீரியாக்கள். உப்பு கூடினால் அவை சோர்ந்துபோகும். இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்கு அதிகம் என்று ஏறி இறங்கினால் செத்தே போகும். நல்ல தண்ணீர் ஓடும் ஊருக்கென்று போட்ட டிசைனை அப்படியே நகலெடுத்து இங்கே கட்டினால், கான்கிரீட் நிற்கும், தண்ணீர் சுத்தமாகாது. கழிப்பறைத் தொட்டிக் கதையும் அப்படித்தான். மணல் தரையில், நாலைந்து அடியில் தண்ணீர் ஊறும் இடத்தில், தொட்டியிலிருந்து கசிவது பக்கத்து ஊற்றுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? களிமண் ஊரில் கிடைத்த விடையை இங்கே வைத்துக்கொள்ள முடியாது.

அளப்பதே இங்கே தகராறு. சி.ஓ.டி. என்ற சோதனை, அதாவது அழுக்கை ரசாயனத்தால் எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு, எல்லா அனுமதிப் படிவத்திலும் இருக்கும். டைகுரோமேட் வைத்துச் செய்யும் வழக்கமான முறையில், லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் விடை நம்பகமில்லை. கடல்நீரில் இருப்பதோ சுமார் 19,000. குளோரைடை அடக்க மெர்குரிக் சல்பேட் போடுகிறோம். அதாவது மாசை அளப்பதற்காகப் பாதரசக் கழிவு உண்டாக்குகிறோம். இதை மாணவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "அப்ப வேற வழி என்ன சார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் ஆராய்ச்சி நிதி வேண்டும்.

விதியிலும் ஒரு வேடிக்கை உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தர அளவுகளில், ஆறு குளத்தில் விடும் கழிவுநீருக்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம். கடலோரத்தில் விடுவதற்கு 100. கடல் பெரியது, கலந்துவிடும் என்ற நம்பிக்கை. திறந்த கடலுக்கு அது பொருந்தலாம். எங்கள் தென்கடலில் (மன்னார் வளைகுடாவை அப்படிச் சொல்வோம்) கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வரிசையாகத் தீவுகளும் பவளப்பாறைகளும் தடுத்து நிற்கின்றன. பாக் நீரிணைப் பக்கத்து வடகடலோ, பெண்கடல் என்று சொல்லும் அளவுக்கு ஆழம் குறைந்தது, அடக்கமானது. அங்கே பல இடங்களில் கடற்புல் படுகையே கண்ணுக்குத் தெரியும். இங்கே எவ்வளவு கலக்கும், எத்தனை நாளில் கலக்கும் என்பதை ஒவ்வொரு வாய்க்கால் வாயிலும் அளந்துதான் சொல்ல முடியும்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

என் அம்மா பாசி எடுத்தவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கடலடிப் பாறையில் மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பறித்து வந்துதான் என்னைப் படிக்கவைத்தார். வாய்க்கால் பக்கம் மூழ்கினால் உடம்பெல்லாம் தடிப்பு வரும் என்று அவர் சொன்னபோது நான் எட்டாம் வகுப்பு. அந்தத் தடிப்புக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. பொறியியல் படித்துத் திரும்பி வந்த பிறகு, அந்த வாய்க்காலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு கிறுக்கு.

கல்லூரிக்குப் பின்னால் மூன்று சிமெண்ட் தொட்டிகள் கட்டினோம். முதல் தொட்டியில் தண்ணீர் தங்கித் தெளியும். இரண்டாவதில் தேங்காய் நாரும் கரியும். கரிக்கு இங்கே பஞ்சமில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுவது இந்த மாவட்டத்தின் தொழில். மூன்றாவதில் மணலும் ஜல்லியும் போட்டு நாணல் நட்டோம். செடியின் வேரைச் சுற்றி வளரும் நுண்ணுயிர்கள் மிச்ச அழுக்கைத் தின்னும் என்பது கணக்கு. புத்தகத்தில் நாணல், சம்பு என்றுதான் போட்டிருக்கும். எங்கள் நாணல் முதலில் நுனி கருகியது. ஆறாவது வாரம் முழுக்கக் காய்ந்துவிட்டது. உப்பு. இரண்டாம் முறை நட்டதும் அப்படியே போனது.

அம்மா ஒரு நாள் வந்து பார்த்தார். "ஏம்ப்பா, உப்புத் தண்ணியில நாணல வச்சா நிக்குமா? உமரி வச்சுப் பாரு. அளத்து ஓரமெல்லாம் அதுபாட்டுக்கு வளந்து கெடக்குல்ல" என்றார். உமரி உப்பளத்து ஓரத்தில் செக்கச்செவேல் என்று படர்ந்து கிடக்கும் செடி. கீரையாகவும் சமைப்பார்கள். நட்டோம், பிடித்துக்கொண்டது. உப்பை விரும்பும் செடிகளை வைத்து இறால் பண்ணைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சி வெளிநாடுகளில் நடக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், என் தவறுதான். ஆனால் எங்கள் உமரி, எங்கள் வெயில், எங்கள் மீன்கழிவு மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை எந்தக் கட்டுரையும் சொல்லாது. முதல் ஆறு மாதம் தண்ணீர் தெளிந்து வந்தது. அப்புறம் இரண்டாவது தொட்டியில் மீன் எண்ணெய்ப் பிசுக்கு கரியை அடைத்து எல்லாம் தேங்கிவிட்டது. அதை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றிய கரியை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

அங்கேதான் ஒரு நிதி அமைப்புக்கு விண்ணப்பம் போட்டேன். எது என்று சொல்லப்போவதில்லை, அப்போது உங்கள் அமைப்பே பிறந்திருக்கவில்லை. ஆறு லட்சம் கேட்டேன், ஐந்து வருஷத்துக்கு. ஒன்பது மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. புதுமை போதவில்லை; உயர்தர எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு சேர்க்கப்படவில்லை. அடைத்துக்கொண்ட கரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அழகான படம் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். அது மீன் பிசுக்கு என்பது கையில் தொட்டாலே தெரிந்தது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆறு லட்சம் எனக்குக் கிடைத்திருந்தாலும் மூன்று வருஷத்தில் முடித்துக் கணக்கு கொடு என்றிருப்பார்கள். அதுதான் என் உண்மையான முறையீடு. பணம் குறைவு என்பதைவிடக் காலம் குறைவு என்பது பெரிய குறை.

கிடைத்தவர்கள் கதை ஒன்று சொல்கிறேன். இதே கரையோரத்தில் வேறொரு ஊரில், ஒரு திட்டத்தில் கடல்நீரின் தரத்தை நொடிக்கு நொடி அளக்கும் மிதவை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். வெளிநாட்டு சென்சார், சூரியத் தகடு, செல்போன் கோபுரத்துக்குத் தகவல் அனுப்பும் வசதி. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன், பாதாம் பால் கொடுத்தார்கள். எங்கள் கடலில் எந்தப் பொருளைப் போட்டாலும் சில வாரத்தில் பாசியும் கொட்டலசும் (எதிலும் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஓட்டுயிர்) அப்பிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும், அளவைத் திருத்த வேண்டும். திட்டம் ஓடிய வரைக்கும் ஒரு ஆராய்ச்சி மாணவர் செய்தார். திட்டம் முடிந்தது, அவருக்கு உதவித்தொகை நின்றது, அவர் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார். இன்றைக்கு அந்த மிதவையின் மேல் நீர்க்காகங்கள் இறக்கை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நல்ல வசதி.

கருவி வாங்கத் தலைப்பு இருக்கிறது. கட்டுரை வெளியிட, விமானத்தில் போய்க் கருத்தரங்கில் பேசத் தலைப்பு இருக்கிறது. கொட்டலசு சுரண்டத் தலைப்பு இல்லை.

காலம் ஏன் முக்கியம் என்பதற்குக் கடலைக் கேளுங்கள். ஐப்பசியிலிருந்து வாடை வீசும். வடகடல் கொந்தளித்துத் தன் குப்பையை எல்லாம் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் ஏற்றும், தென்கடல் சாதுவாகக் கிடக்கும். வைகாசிக்கு மேல் சோழகமும் கச்சானும் (தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் காற்றுகள்) கிளம்பினால் எல்லாம் தலைகீழ். ஒரே வாய்க்காலின் அழுக்கு ஆறு மாதம் ஒரு திசையில் போகும், ஆறு மாதம் மறு திசையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது துறைமுக வாய்க்காலில் தண்ணீர் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். கோடை விடுமுறையில் வந்து அளந்துவிட்டுப் போகிறவர்கள் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ராமேஸ்வரத்தில் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் கூடும் கூட்டத்தை ஆண்டுச் சராசரியில் கரைத்துவிட்டு ஒரு சுத்திகரிப்பு நிலையம் வடிவமைத்தால், அந்த இரண்டு நாளும் அது மூச்சுத் திணறும். இத்தனையையும் பார்க்க மூன்று வருஷம் எங்கே போதும்? அதிலும் முதல் தவணை பிப்ரவரியில் வரும். மார்ச் 31-க்குள் செலவழித்து யூ.சி. (பணத்தைச் செலவிட்டதற்கான சான்றிதழ்) அனுப்பச் சொல்லுவார்கள். கையில் இரண்டு வாடைக்காலம் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

தொடர்ந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மண்டபத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை 1990-களில் மண்டபத்தில் சோதனையாக வளர்த்தார்கள். 2000-களில் பெண்கள் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் வளர்த்து நாலு காசு பார்த்தார்கள். எங்கள் தெருவிலும் அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஓடு போட்டவர்கள் உண்டு. 2008-ல் குருசடைத் தீவில் அதே பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 21 தீவுகளையும் சேர்த்து 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் அது. அறிமுகம் செய்கிற ஆராய்ச்சிக்குப் பணம் வந்த வேகத்தில், அது எங்கே போகிறது என்று பார்க்கிற வேலைக்கும் பணம் வந்திருந்தால், வளர்க்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டோம். இப்போது வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. வரட்டும், வேலை கிடைக்கும். அந்த 127-க்குப் பக்கத்தில், அடுத்த இருபது வருஷம் தீவுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிவைக்க ஒரு சின்னத் தொகையை யாராவது எடுத்துவைக்க வேண்டும்.

நல்ல உதாரணமும் உண்டு. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளை 2000-களின் தொடக்கத்திலிருந்தே ஆண்டுதோறும் முங்கிப் பார்த்துவருகிறார்கள். அதனால்தான் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது எவ்வளவு போயிற்று, எவ்வளவு மீண்டது என்று சொல்ல முடிந்தது. வான் தீவு அரித்துக்கொண்டே போனபோது, கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் வார்த்துக் கடலில் இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். முன்பே அளந்து வைத்திருந்தவர்கள் பக்கத்தில் இருந்ததால் பொறியாளர்களுக்கு எங்கே இறக்குவது என்று தெரிந்தது.

2025-ல் மத்திய அரசு அறிவித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி வளர்ச்சி நிதியைப் பற்றி நண்பர்கள் சொன்னார்கள், அதில் கேட்டுப் பார் என்று. அது தனியார் நிறுவனங்கள் சந்தைக்குக் கொண்டுவரும் நிலையில் உள்ள தொழில்நுட்பங்களுக்கு நீண்டகாலக் கடன் மாதிரி. எங்கள் வாய்க்காலில் எந்தக் கம்பெனி லாபம் பார்க்கும்? 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கொடுப்பதும் அதில் சேரும். போய்க் கேட்டிருக்கிறேன். கழிப்பறை கட்டித் தருகிறோம், பெயர்ப்பலகை வைக்கலாம் என்றார்கள். பி.ஓ.டி. பாட்டிலில் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை.

ஆகவே உங்களிடம் வருகிறேன். கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடி ரூபாயை மூன்று வருஷத்துக்குத் தருவதற்குப் பதில், வருஷத்துக்குப் பத்து லட்சமாகப் பத்து வருஷத்துக்குத் தாருங்கள். கணக்கு போட்டுப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்தே இரண்டு பேரை மாதம் பதினைந்தாயிரத்துக்கு வைத்தால் வருஷம் 3 லட்சத்து 60 ஆயிரம். ரசாயனம், கண்ணாடிச் சாமான் இரண்டு லட்சம். வள்ளம், டீசல் ஒரு லட்சம். ரிப்பேருக்கு ஒன்றரை லட்சம்; இதைத் தனித் தலைப்பாகவே போடுங்கள், கருவி வாங்கும் தலைப்புக்கு மாற்றக் கூடாது என்று விதியும் போடுங்கள். மிச்சத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவருக்குப் பாதி உதவித்தொகை கொடுக்கலாம், மறுபாதிக்குக் கல்லூரி பொறுப்பேற்கட்டும். ஐஸும் பஸ்ஸும் என் செலவு.

அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைத் தினக்கூலி என்று கணக்கில் எழுதவைக்காதீர்கள். எந்தப் பாறையில் எந்தப் பாசி எந்த மாதம் வரும் என்பதை இங்கே பாசி எடுக்கும் பெண்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகவும், அளவோடு எடுக்கும் கட்டுப்பாட்டுக்காகவும் பாடுபட்டு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு வாங்கியவர். இப்படிப்பட்டவர்கள் இருக்கும் கரையில் தண்ணீர் பிடித்து அளந்து எழுத ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. களப் பணியாளர் என்று பதவி போடுங்கள், கட்டுரையில் பெயர் போடச் சொல்லுங்கள். உமரி யோசனைக்கு என் அம்மா பெயரைப் போட நான் முயன்றபோது, அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று படிவத்தில் ஒரு கட்டம் கேட்டது. காலியாக விட்டேன், படிவம் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்துவிட்டது.

ஆய்வகத்துக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. இன்றும் அதன் மண்டல மையம் அங்கே இருக்கிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையமும் மண்டபத்திலேயே. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. உயிரியலில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். எங்களைப் போன்ற குழாயும் தொட்டியும் கட்டுகிற ஆட்கள் அந்த வாசலுக்குள் நுழைய ஒரு பொதுத் திட்டம் இல்லை, அவ்வளவுதான். இரண்டு துறையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், தானாகச் சேர்ந்துவிடுவோம்.

இன்னொன்று, தோற்றதையும் அறிக்கையாக ஏற்றுக்கொள்ளுங்கள். நாணல் இரண்டு முறை காய்ந்ததை நான் எங்கும் வெளியிட முடியவில்லை. அடுத்த வருஷம் வேறு ஏதாவது கடலோரக் கல்லூரியில் யாராவது அதே நாணலை நட்டுக் காயவிடுவார். ஆண்டறிக்கையைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, ஏலக் கொட்டகைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்பது அதன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கு முன்னால் உங்கள் நிபுணர் குழுவின் கேள்விகள் சுலபம். ஒருமுறை பாட்டிலோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு பெரியவர், "அளந்து அளந்து எழுதுறீங்களே, என்னைக்குத்தான் அடைப்பீங்க?" என்றார். இன்னும் என்னிடம் பதில் இல்லை.

உங்கள் குழுவில் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம். நாங்கள் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை தண்ணீர் பிடிக்கிறோம். முந்தின நாள் ராத்திரியே ராமநாதபுரம் வந்துவிடுங்கள். காலை ஐந்தரைக்கு வத்தம் இருக்கும்போது அங்கே நிற்க வேண்டும், ஏழு மணிக்கு மேல் ஏற்றம் வந்து வாய்க்கால் வாயை மூடிவிடும். ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். ஐஸ் பெட்டி ஒரு பக்கம் கனம். பஸ் நிற்கும் வரைக்கும் தூக்க ஒரு ஆள் கூட இருந்தால் எனக்கும் உதவி.

இப்படிக்கு,
சிவில் பொறியியல் ஆசிரியர் ஒருவர்,
ராமநாதபுரம் மாவட்டம்